விசில் டீச்சர் பதில்கள்: பேரன் வயதுப் பையனிடம் தோற்கலாமா?

போன மாதம் ஒரு பதிலின் நடுவே, "எழுபது வயதுக்காரருக்கும் பத்து வயதுக்காரருக்கும் இடையில் ஒரு செஸ் போர்டை வைத்துவிடுங்கள், பேச்சு தானாக வரும்" என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பலர் வீட்டுச் சண்டையையும் சேர்த்தே எழுதியிருப்பதால் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன்.

கேள்வி: தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 67. கீழ் போர்ஷனில் குடியிருக்கும் ஆறாம் வகுப்புப் பையனுக்கு நான்தான் செஸ் சொல்லிக்கொடுத்தேன். ஆரம்பத்தில் அழுதுகொண்டே ஆடியவன், இப்போது பெரும்பாலும் என்னைத் தோற்கடிக்கிறான். ராத்திரியெல்லாம் அந்த ஆட்டமே மனதில் ஓடுகிறது. "சின்னப் பையன்கிட்ட தோத்துட்டு தூங்காம உட்கார்ந்திருக்கீங்களே, இந்த வயசுல தேவையா?" என்கிறான் என் மகன். பையனின் அம்மா அவனைக் கோச்சிங்கில் சேர்க்கப் போகிறார். இனி நான் ஒதுங்கிக்கொள்வதுதானே மரியாதை?
(கும்பகோணம்)

பதில்: ஒதுங்காதீர்கள் ஐயா. நாளைக்குச் சாயங்காலமும் போர்டை விரியுங்கள்.

முதலில் அந்தத் தூக்கம். தோற்ற ஆட்டம் ராத்திரியில் மனதுக்குள் ஓடுவது செஸ் ஆடுகிற எல்லோருக்கும் நடப்பது. உங்கள் மகன் கிரிக்கெட் மேட்ச் தோற்ற இரவில் சாப்பிடாமல் படுத்ததில்லையா? கேட்டுப் பாருங்கள்.

வயதுக்கு வருவோம். 1931இல் பிறந்த கிராண்ட்மாஸ்டர் விக்டர் கோர்ச்னாய் 2011 ஜனவரியில் ஜிப்ரால்டரில் ஆடப் போனார். எண்பதைத் தொட இரண்டே மாதம். எதிரே ஃபாபியானோ கருவானா, வயது 18, ரேட்டிங் (ஆட்டத் திறமைக்குத் தரும் மதிப்பெண்) 2700க்கு மேல். கிழவர் ஜெயித்தார். இதற்கு நேர் எதிர்க் கதையும் உண்டு. 2025 ஆகஸ்டில் லிவர்பூலில் நடந்த பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பில், 60 வயது கிராண்ட்மாஸ்டர் பீட்டர் வெல்ஸை போதனா சிவானந்தன் என்கிற பத்து வயதுப் பெண் தோற்கடித்தாள். அந்தக் குடும்பத்தின் பூர்வீகம் எங்கள் திருச்சி. (பொன்மலையில் குடியிருக்கிறேன், இதைச் சொல்லாமல் இருக்க முடியுமா?) இந்த இரண்டு ஆட்டத்திலும் தோற்றவரைப் பார்த்து யாரும் வெட்கப்படச் சொல்லவில்லை. யாரும் சேரலாம் என்கிற ஓப்பன் போட்டிகளில், பிறந்த தேதி பார்த்து யார் யாரோடு ஆடலாம் என்று பிரிக்காத விளையாட்டு இது. நான் பி.டி. டீச்சராக இருந்தவள். ஓட்டம், கபடி, வாலிபால் எல்லாவற்றிலும் 14 வயதுக்குள், 17 வயதுக்குள் என்று பிரித்துப் பிரித்தே காலம் தள்ளினேன். உள்ளூர் ஓப்பன் செஸ் போட்டி ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். வெள்ளை வேட்டி தாத்தா எதிரில் கால் தரையில் எட்டாத வாண்டு உட்கார்ந்திருக்கும்.

உங்களைவிடப் பெரிய குரு ஒருவருக்கும் இது நடந்தது. விஸ்வநாதன் ஆனந்த் 1986 ஜூலையிலிருந்து இந்தியாவின் முதலிடத்தில் இருந்தார். 37 வருஷம். 2023 செப்டம்பர் பட்டியலில் அவரை முந்தியது 17 வயது குகேஷ். ஆனந்த் 2020இல் ஆரம்பித்த அகாடமியில் வளர்ந்த பையன்தான். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை ஜெயித்து அவன் உலக சாம்பியன் ஆனபோது ஆனந்த் முகத்தில் இருந்தது வருத்தம் என்று யாராவது சொல்வார்களா?

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்பது முக்கியம். சொல்லிக்கொடுக்கிறவர் என்கிற நாற்காலியிலிருந்து எழுந்து, கூட ஆடுகிறவர் நாற்காலிக்கு மாறுங்கள். இரண்டாவதில்தான் சொகுசு அதிகம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் யூடியூபைப் பார்த்து ஆட்டத்தின் தொடக்கத்தை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். முதல் பத்து மூவுக்குள் உங்களைக் காலி செய்துவிடுவான். ஆனால் காய்கள் குறைந்த பிறகு தடுமாறுவான். அங்கே பிடியுங்கள். ஒரு பக்கம் ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும், எதிரே வெறும் ராஜா. இதை வைத்து அவனை ஆடச் சொல்லுங்கள். சிப்பாயை அவசரமாகத் தள்ளிக்கொண்டே போவான், டிராவில் முடியும். ராஜாவைச் சிப்பாய்க்கு முன்னால் நடத்தி ஆறாவது வரிசைக்குக் கொண்டுபோய்விட்டால் சிப்பாய் ராணியாகிவிடும் என்று காட்டுங்கள். அடுத்த மூவ் யாருடையது என்பதுகூட அப்போது பொருட்டில்லை. ஓரத்துச் சிப்பாய் மட்டும் விதிவிலக்கு. எதிராளி ராஜா மூலையில் வந்து உட்கார்ந்துவிட்டால் தலைகீழாக நின்றாலும் டிராதான். இந்த ஒரு பாடத்தை வைத்தே ஒரு வாரச் சாயங்காலத்தை ஓட்டலாம்.

அடுத்தது, ஆட்டங்களை எழுதுங்கள், இருவருமே. ராஜாவுக்கு முன்னால் இருக்கும் வெள்ளைச் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினால், நீங்கள் அந்தக் காலத்து ஆள் என்பதால் 'பி-கே4' என்று எழுதுவீர்கள். அவன் அதே மூவை 'இ4' என்பான். உங்கள் முறையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பெயர், வெள்ளைப் பக்கமிருந்து ஒன்று, கறுப்புப் பக்கமிருந்து ஒன்று. கறுப்புக்காரர் 'பி-கே4' என்று எழுதினால் அது அவன் கணக்கில் 'இ5'. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1981இலேயே பழைய முறையைக் கைவிட்டது. புது முறையை அவனிடம் கற்றுக்கொள்ளுங்கள். பழைய முறையை அவனுக்குக் காட்டுங்கள். உங்கள் அலமாரியில் இருக்கும் பழைய செஸ் புத்தகங்களை அவன் படிக்க வேண்டுமென்றால் அது வேண்டும். ரகசிய பாஷை கிடைத்த மாதிரி குதிப்பான், பாருங்கள்.

ஆட்டம் முடிந்ததும் போனை எடுத்து 'எங்கே தப்பு' என்று கம்ப்யூட்டரைக் கேட்கத் துடிப்பான். கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லுங்கள். குகேஷின் ஆரம்பப் பயிற்சியில் அவருடைய கோச் விஷ்ணு பிரசன்னா கம்ப்யூட்டர் எஞ்சினையே தொடவிடாமல் வைத்திருந்தார். முதலில் இருவரும் வாயால் பேசிப் பாருங்கள். "இங்கே ஏன் குதிரையை எடுத்தே?" என்று நீங்கள் கேட்க, அவன் காரணம் சொல்லத் தெரியாமல் முழிக்க, அந்த இடத்தில்தான் இரண்டு பேருக்கும் படிப்பு நடக்கும். அப்புறம் எஞ்சினைக் கேளுங்கள். அது உங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டும்.

வேண்டுமென்றே தோற்பது, இரக்கப்பட்டு மூவைத் திரும்ப எடுக்க விடுவது, இரண்டும் கூடாது. 'தொட்டால் ஆடணும்' என்பது உங்களுக்கும் சேர்த்துத்தான். வித்தியாசம் ரொம்பப் பெரிதாகிவிட்டால் நேரத்தில் சலுகை வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு 15 நிமிடம், அவனுக்கு 5. இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஆடலாம், சுவாரஸ்யமாகவும் இருக்கும்.

அம்மா கோச்சிங்கில் சேர்ப்பது நல்லதுதான், தடுக்காதீர்கள். ஆனால் அங்கே ரேட்டிங், கப், பக்கத்துப் பையன் என்று வந்துவிடும். ஆனந்துக்கு ஆறு வயதில் செஸ் சொல்லிக்கொடுத்தது அவருடைய அம்மா சுசீலா. அப்பா ரயில்வே அதிகாரி, வேலை நிமித்தம் குடும்பம் மணிலாவில் இருந்தபோது அங்கே டி.வி.யில் பகலில் ஒரு செஸ் நிகழ்ச்சி வரும். பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா அந்தப் புதிரையெல்லாம் எழுதி வைப்பார். சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு புத்தகம். கடைசியில் 'வேண்டிய புத்தகத்தையெல்லாம் எடுத்துக்கொள், இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே' என்று சொல்லிவிட்டார்களாம். அந்த அம்மா அவருக்குக் கோச் இல்லை, கூட உட்கார்ந்து புதிர் போட்டவர். கோச்சிங் வகுப்பில் அந்த வேலைக்கு ஆள் கிடைக்காது. பையனின் அம்மாவிடம் நீங்களே போய், "வகுப்பு இல்லாத நாளில் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். கேட்பதற்கு எதற்குக் கூச்சம்?

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பெரியவரிடம் செஸ் ஆடப் போகிறாள். நல்ல மனிதர் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் உறவுக்காரர்கள் ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். நிறுத்திவிடட்டுமா?
(மதுரை)

பதில்: நிறுத்த வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். போர்டு உள்ளறையில் இருக்கக் கூடாது. திண்ணை, வாசல் வராந்தா, அபார்ட்மென்ட் என்றால் கீழே பொது இடம், நூலகம், பூங்கா பெஞ்ச். இல்லாவிட்டால் உங்கள் வீட்டு ஹாலுக்கே அவரை வரச் சொல்லி ஒரு காபி கொடுங்கள். இன்னும் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துவிட்டால் ஆட்டமும் களைகட்டும், உங்கள் கவலையும் பாதியாகும்.

இதைப் பெரியவரிடம் நேராகவே சொல்லலாம். "இந்தக் காலத்துல எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க." நல்ல மனிதர் இதற்குக் கோபப்பட மாட்டார். "ஆமாம்மா, அதுதான் எனக்கும் நல்லது" என்பார். அவருக்கும் அது பாதுகாப்புதானே! கோபப்பட்டால், என்னைக் கேட்காமலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மகளுக்கு ஒன்றே ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள். பெரியவரோ, மாமாவோ, வாத்தியாரோ, "இதை வீட்ல சொல்லாதே" என்று யார் எதைச் சொன்னாலும் அதைத்தான் முதலில் வீட்டில் சொல்ல வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மனப்பாடம் செய்யட்டும். பள்ளியில் எனக்குப் பாடம் நடத்தக் கொடுத்த மழைநாள் பீரியடுகளில் இதை மறக்காமல் சொல்வேன்.

உறவுக்காரர்களில் யாராவது சாயங்காலம் சும்மா இருந்தால் அவரையும் பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வையுங்கள். பயமுறுத்துவதைவிட அது உபயோகம்.

கேள்வி: காலேஜ் படிக்கிறேன். லீவுக்கு ஊருக்குப் போனால் தாத்தாவோடு செஸ். ஒவ்வொரு தடவையும் சண்டை. "ராஜா ஒரு தடவை குதிரை மாதிரி தாண்டலாம்" என்கிறார். சிப்பாயை முதல் மூவில் இரண்டு கட்டம் வைத்தால் "கள்ளாட்டம்" என்கிறார். யார் சொல்வது சரி?
(புதுக்கோட்டை)

பதில்: இருவரும் சரி தம்பி. தாத்தா ஆடுவது நம் நாட்டுப் பழைய சதுரங்கம். அதில் சிப்பாய்க்கு எப்போதும் ஒரே கட்டம்தான். ராஜாவுக்கு, செக் வாங்காமல் இருக்கும்வரை, ஒரே ஒரு முறை குதிரைத் தாண்டல் உண்டு. ராஜாவை ஓரமாகப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்தும் இன்றைய கேஸ்லிங் செய்கிற வேலையை அதுதான் செய்தது. கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய் நினைத்தபடி ராணியாக முடியாது, எந்தக் கட்டத்தில் போய்ச் சேர்ந்ததோ அந்தக் கட்டத்தில் ஆரம்பத்தில் நின்ற காயாகத்தான் மாறும். ஊருக்கு ஊர் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். தாத்தா சொல்வதில் இன்னும் என்னென்ன விதி இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வை. உன் பக்கத்து ஊரில் வேறு மாதிரி இருக்கலாம்.

இந்தப் பழைய ஆட்டத்தில் வளர்ந்த ஒருவர் உலகத்தையே அலற வைத்திருக்கிறார், தெரியுமா? பஞ்சாப்காரர் மீர் சுல்தான் கான். ஒரு பிரபுவின் பணியாளாக 1929இல் லண்டன் போனார். நம் நாட்டு ஆட்டத்தில் ஊறிய கை, மேல்நாட்டு விதிகள் அவருக்குப் புதுசு. லண்டன் போய்ச் சேர்ந்த அதே வருஷமே பிரிட்டிஷ் சாம்பியன். 1932, 1933இலும் அவரே. ஹேஸ்டிங்ஸ் போட்டியில் கபாபிளாங்காவை ஜெயித்தார். கபாபிளாங்கா முன்னாள் உலக சாம்பியன். சுல்தான் கானுக்கு ஃபிடே கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024இல். மனுஷர் 1966லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

தமிழ்நாட்டில் 1960கள் வரைக்கும் பல இடங்களில் உன் தாத்தா ஆட்டம்தான் செஸ். சர்வதேச விதிகளை இங்கே பரப்பியதில் மானுவல் ஆரோனுக்குப் பெரிய பங்கு. ஒன்பது முறை தேசிய சாம்பியன், 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர். 1972இல் சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் டால் செஸ் கிளப் ஆரம்பித்ததும் அவர் முயற்சியில்தான். அங்கே ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். சிறுவன் ஆனந்த் பெரியவர்களோடு மின்னல் வேகத்தில் ஆடிப் பழகியது அந்த வரிசையில்தான். எத்தனை மாமாக்கள் அவனால் எழுந்து போனார்களோ!

நீ செய்ய வேண்டியது, ஒரு ஆட்டம் தாத்தா விதி, அடுத்தது உன் விதி. தாத்தா விதியில் நீ தோற்பாய் என்று பந்தயம் கட்டுகிறேன். ராஜா குதிரை மாதிரி தாண்டுகிற ஆட்டத்தில் அவசரத் தாக்குதல் எதுவும் வேகாது, நீ பழகிய தொடக்கம் ஒன்றுகூட உதவாது. தோற்றபிறகு கள்ளாட்டம் என்று நீ சொல்லாதே.

கேள்வி: எனக்கு 72 வயது. பேத்தி ஆடுவதைப் பார்த்து எனக்கும் செஸ் கற்றுக்கொள்ள ஆசை. இந்த வயதில் ஏறுமா? ஆடினால் மறதி வராது என்கிறார்களே, உண்மையா?
(சேலம்)

பதில்: அம்மா, செஸ் ஆடினால் மறதி நோயே வராது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள், அப்படி விற்கிறவரிடமிருந்து எதையும் வாங்காதீர்கள். மறதி தொந்தரவாக இருந்தால் டாக்டரைப் பாருங்கள். செஸ்ஸை ஆசைக்காகக் கற்றுக்கொள்ளுங்கள், அது போதும்.

ஏறும். எனக்கு ஆட்டம் முன்பே தெரியும், ஆனால் போனில் ஆடத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுத்தது எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் மகள், ஒன்பதாம் வகுப்பு. லிசெஸ் என்கிற தளம், விளம்பரம் இல்லை, காசும் இல்லை. என் கண்ணுக்கு ஏற்றபடி போர்டின் நிறத்தை மாற்றிக் கொடுத்தாள், யாருக்கும் தொந்தரவில்லாமல் தனியாகப் புதிர் போடும் பக்கத்தைக் காட்டினாள். பதிலுக்கு நான் அவளுக்கு ஓட்டத்தில் கை வீசுவது எப்படி, 400 மீட்டரில் முதல் வளைவில் மூச்சை எப்படி வைத்துக்கொள்வது என்று பாடம் எடுக்கிறேன். வண்டியில் துணி குறைந்த நேரத்தில் போர்டை அங்கேயே வைத்துவிடுவோம். நான் அதிகம் யோசித்தால், "டீச்சரம்மா, தூங்கிட்டீங்களா?" என்பாள். வாய் ஜாஸ்தி. ஆட்டமும் ஜாஸ்தி.

நீங்கள் பேத்தியையே குருவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு காய் போதும். முதலில் சிப்பாய்களை மட்டும் வைத்து, யார் சிப்பாய் முதலில் மறுகரை சேர்கிறது என்று ஆடுங்கள். பிறகு ராஜாவைச் சேர்த்து, அப்புறம் யானை. குதிரை கடைசி. குதிரைதான் எல்லோரையும் படுத்தும். பேத்தி, "பாட்டி, எத்தனை தடவை சொல்றது!" என்று கத்தினால், அவளுக்கு நீங்கள் கோலப் புள்ளி வைக்கச் சொல்லிக்கொடுங்கள். சரியாகிவிடும்.

போட்டி ஆசை வந்தால் அதற்கும் இடம் இருக்கிறது. உலக சீனியர் சாம்பியன்ஷிப்பில் 50 வயதுக்கு மேல், 65க்கு மேல் என்று இரண்டு பிரிவு வைத்திருக்கிறார்கள், பெண்களுக்கும் தனியாக உண்டு. உடனே பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லவில்லை.

கேள்வி: டீச்சர், செஸ் செஸ் என்று எழுதுகிறீர்கள். எங்கள் தெருவில் தாத்தாவும் பேரனும் சேர்ந்து ஆடுவது கேரம். அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாதா?
(வியாசர்பாடி, சென்னை)

பதில்: தெரியும், தெரியும். வடசென்னைக்காரரிடம் கேரம் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று பயந்துதான் எழுதவில்லை!

இரண்டு முறை உலக சாம்பியன் மரிய இருதயம் சென்னைக்காரர். 1996இல் கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கியவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமாவும் உங்கள் வடசென்னைப் பெண்தான், அப்பா ஆட்டோ ஓட்டுநர். சர்வதேச கேரம் கூட்டமைப்பு பிறந்ததே 1988இல் சென்னையில்.

தாத்தா பேரன் கூட்டுக்கு கேரமில் ஒரு வசதி, இரட்டையர் ஆட்டம். செஸ்ஸில் எப்போதும் எதிரெதிரே. கேரமில் தாத்தாவும் பேரனும் ஒரே கட்சியில் சேர்ந்து அப்பாவையும் சித்தப்பாவையும் ஓட்டலாம். தாத்தாவுக்குக் கோணம் தெரியும், எந்தக் காயை விட்டுவைத்தால் எதிரி மாட்டுவான் என்று தெரியும். பேரனுக்கு விரலில் தெம்பு. ஆட்டத்தின் நடுவே வாயால் யோசனை சொல்வது போட்டிகளில் கூடாது என்பதால் அதை முன்னாடியே பேசிப் பழகிக்கொள்ளட்டும். சிவப்புக் காயை (ரெட்) குழியில் போட்டதும், அதை உறுதி செய்யும் அடுத்த காயான ஃபாலோவைப் போட அவசரப்படுகிறவன் பேரன், அவசரப்படாதவர் தாத்தா. யார் யாருக்குக் கற்றுக்கொடுக்கிறார் என்று ஒரு சாயங்காலம் பார்த்துச் சொல்லுங்கள்.

கிளப் ஆட்டத்துக்குப் பழக்க வேண்டுமென்றால் சரியான அளவுப் பலகை வேண்டும். உள்பரப்பு 74 செ.மீ. சதுரம். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது. ஒரு கேமுக்கு 25 பாயின்ட் அல்லது 8 போர்டு (காய்களை அடுக்கி ஆடி முடிக்கும் ஒரு சுற்றுதான் போர்டு). சின்னப் பலகையில் பழகிய பிள்ளை பெரிய பலகைக்கு வரும்போது தடுமாறுவதை மண்டலப் போட்டிகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரிய பலகை வாங்க வசதி இல்லையென்றால் தெருவே சேர்ந்து ஒன்று வாங்குங்கள். பவுடர் செலவை யார் ஏற்பது என்ற சண்டையை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஆறாம் வகுப்பு படிக்கிறேன். எங்க எதிர்வீட்டு தாத்தாவோட செஸ் ஆடுவேன். அவர் ஒரு மூவுக்கு ரொம்ப நேரம் யோசிப்பார். எனக்கு போர் அடிக்குது. சீக்கிரம் ஆடுங்கன்னு சொன்னா மரியாதை இல்லையா?
(கரூர்)

பதில்: கண்ணு, நீ சொல்லாதே, கடிகாரம் சொல்லட்டும். இந்தத் தொல்லை உனக்கு மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் பெரிய பெரிய ஆட்டக்காரர்களே ஒரு மூவுக்கு மணிக்கணக்கில் உட்கார்ந்து எதிராளியைச் சோர வைத்திருக்கிறார்கள். பொறுக்க முடியாமல் 1861இல் ஒரு போட்டியில் மணல் கடிகாரம் வைத்தார்கள். 1883இல் லண்டன் போட்டியில் இரட்டைக் கடிகாரம் வந்துவிட்டது. ஒருவர் ஆடி முடித்ததும் அவருடையது நிற்கும், மற்றவருடையது ஓடும்.

கடையில் செஸ் கிளாக் விலை ஜாஸ்தி. அப்பா போனில் இலவசமாகவே கிடைக்கும். தாத்தாவிடம், "போட்டியில எல்லாரும் இப்படித்தான் ஆடுறாங்க, நாமளும் வெச்சுக்கலாமா தாத்தா?" என்று கேள். ஆளுக்கு 20 நிமிடம், ஒவ்வொரு மூவுக்கும் 10 விநாடி கூடுதல் என்று வை. 5 நிமிடம் வைத்து அவரை அவசரப்படுத்தாதே, அவர் கை பட்டனைத் தேடுவதற்குள் நேரம் போய்விடும். பட்டனை அவருடைய வலது கைப்பக்கம் வை. அவர் இடது கைக்காரர் என்றால் இடது பக்கம்.

அவர் யோசிக்கும்போது நீ ஜன்னலைப் பார்க்கிறாய் அல்லவா? அதை விட்டுவிட்டு, அவர் என்ன ஆடப் போகிறார் என்று நீயும் கண்டுபிடித்து ஒரு பேப்பரில் எழுதி மடித்து வை. அவர் ஆடியதும் பிரித்துப் பார். எழுதியது அடிக்கடி சரியாக வர ஆரம்பித்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடு.